சாதி நாய்

“நாய்க்கும் சாதி உண்டா, சார்?”

எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து எழுந்தது அந்தக் கேள்வி. எழுப்பியவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். ஊர் தன் எல்லைக்கு வெளியே ஒதுக்கிவைத்து, ‘காலனி’ என்று பெயரும் சூட்டியிருக்கும் தெருவிலிருந்து வருபவன். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஆவணத்திலிருந்து நீங்கும் சொல் நாவிலிருந்து நீங்கத்தான் நாளாகிறது!

அன்று நாம் வகுப்புக்கு வெறுங்கையோடு செல்லவில்லை. குற்றாலம் சாரல் விழாவில் நடந்த நாய்க் கண்காட்சியில் நம் செழியன் வென்ற கோப்பையை ஏந்திச் சென்றிருந்தோம். ஆசிரியர் அறையில் அதைத் தடவிப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர், “என்ன இருந்தாலும் சாதி நாய் சாதி நாய்தான்!” என்று பாராட்டியிருந்தார். அந்தப் பாராட்டின் மயக்கம் தெளியுமுன் வகுப்பில் நுழைந்த நாம், அதே சொல்லை வாய் தவறியல்ல, வாய் நிறையச் சொன்னோம். உடனே எழுந்தது கேள்வி.

நாம் யார்? வீட்டுக் கூடத்தில் பெரியாரின் படத்தை மாட்டியிருப்பவர். பெயருக்குப் பின்னால் சாதி வாலை ஒட்டிக்கொள்ளாத குடும்பத்தில் பிறந்தவர். சாதி ஒழிப்புக் கூட்டம் என்றால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுபவர். அப்படிப்பட்ட நாம் அளித்த விடை என்ன?

“அது வேறு, இது வேறு. உட்கார், பாடத்தைக் கவனி.”

சிறுவன் உட்கார்ந்தான். நாம் அன்றிரவு நன்றாகவே உறங்கினோம். நம் குற்றம் அந்த உறக்கத்திலேதான் இருக்கிறது, தோழர்களே! அந்தக் கேள்விக்குரிய விடையைச் செழியன் செத்த பிறகே கற்றோம். கற்றதை மறைக்காமல் எழுதுகிறோம்.

செழியன் இராசபாளையத்துப் பிள்ளை. தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மேற்கு மலையை ஒட்டியே வடக்கே சென்றால் வருவது இராசபாளையம். பஞ்சாலைக்குப் பெயர்போன அந்த ஊர் நாய்க்கும் பெயர்போனது. பால் வெள்ளை உடம்பு, ரோசா நிற மூக்கு, நீண்ட கால், ஒட்டிய வயிறு, வளைந்த வால். பாளையக்காரர் கோட்டைகளைக் காத்த நாய் என்று அவ்வூரார் பெருமை பேசுவர். இந்திய அஞ்சல் துறை 2005 சனவரி 9-இல் நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, முதோல், இராம்பூர், இமயமலை நாய்களோடு இராசபாளையம் நாயும் இடம்பெற்றது. கல்லூரிக் காலத்தில் அந்த அஞ்சல்தலையை ஒருவரிடம் பார்த்த நாளிலிருந்து நமக்கு அந்த ஆசை. வேலை கிடைத்து ஓராண்டு சேர்த்த பணத்தோடு பேருந்து ஏறினோம். தோள்பையில் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூல் இருந்தது. நெஞ்சில் நாய் இருந்தது.

வளர்ப்பவரின் தோட்டத்தில் ஆறு குட்டிகள். ஐந்து வெள்ளை. ஆறாவது குட்டிக்கு மட்டும் இடக் காதையும் கண்ணையும் மூடிச் செவலை நிறத்தில் ஒரு மறை. நாம் வாயிற்படியில் செருப்பைக் கழற்றிய ஓசைக்கே அது தலையைத் தூக்கிப் பார்த்தது. மற்றவை பார்க்கவில்லை. மறைக்குட்டி ஓடிவந்து நம் கால்விரலைக் கவ்வியது.

“அதை விடுங்க சார். மறை விழுந்திருச்சு. கண்காட்சிக்கு நிக்காது. பாதி விலைக்குத் தாரேன்னாலும் கேக்க ஆளில்ல” என்றார் வளர்ப்பவர்.

நாமும் அதை விலக்கினோம். வெள்ளைக் குட்டிகளில் மிக வெள்ளையானதைச் சுட்டினோம். அதன் மூன்று தலைமுறைப் பெயர்கள் அடங்கிய தாளை அவர் நீட்டினார். தந்தைவழிப் பாட்டன் பெயரும் தாய்வழிப் பாட்டன் பெயரும் ஒன்றாகவே இருந்தன. எழுத்துப்பிழையோ என்று கேட்டோம்.

“பிழையில்ல சார். ரெண்டும் ஒரே நாய்தான். ரத்தம் வெளியே போகல பாத்தீங்களா!” என்று சிரித்தார்.

அந்தச் சொற்களை வேறு எங்கோ, வேறு வாய்களில், வேறு பொருளில் கேட்டிருக்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நாம் பகுத்தறிவாளர். தோன்றாததால் வெறும் வாடிக்கையாளர்!

செழியன் வளர்ந்தான். நாய் வளர்ப்பவரெல்லாம் தம் நாயைப் புகழ்வர். நாமும் சிறிது புகழ்வதைப் பொறுத்தருள்க. மாலையில் பள்ளி விட்டு வரும்போது வாயிலை நோக்கியே அமர்ந்திருப்பான். நம் வண்டி தெரு முனையில் திரும்பி, அதன் முன்சக்கரம் கண்ணில் பட்டதும் பாய்ந்து எழுவான். இரவில் நாம் தேர்வுத்தாள் திருத்தும்போது மேசைக்கடியில் படுத்து, தன் தலையை நம் பாதத்தின்மேல் வைத்துக்கொண்டு உறங்குவான். காலை இழுத்தால் விழித்து, மறுபடியும் பாதத்தைத் தேடி வந்து தலையை வைப்பான். கால் மரத்துப் போனாலும் அசையாமல் எத்தனையோ இரவு அமர்ந்திருந்தோம். உலகில் எத்தனையோ பேர் நம்மை மதிக்கலாம். நம் பாதத்தை விட்டால் உறக்கம் வராது என்று இருக்கும் உயிர் ஒன்றுதான்!

தீபாவளி வந்தது. தெருவெங்கும் வெடி. மற்ற நாய்கள் கட்டிலுக்கடியில் ஒண்டின. சில ஊரைவிட்டே ஓடின. நம் செழியனோ வாயிலில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். “பாருங்கள், நரகாசுரன் கதைக்கு அஞ்சாத பகுத்தறிவு நாய்!” என்று தோழர்களிடம் சொல்லிச் சிரித்தோம். அவர்களும் சிரித்தார்கள். இன்று அதை நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

பிறகு வந்தது சாரல் காலம். ஆனியில் தொடங்கி ஆடி முழுதும் குற்றாலத்தின் காற்றே நீராகிவிடும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய அருவியும் பாறையை மறைத்துக்கொண்டு கொட்டும். அந்த நாள்களில் அரசு எடுக்கும் சாரல் விழாவில் ஆடலுண்டு, பாடலுண்டு, கோலப்போட்டியுண்டு, கொழுகொழு குழந்தைப் போட்டியுண்டு, நாய்க் கண்காட்சியுமுண்டு. விழாவின் அரங்குக்குக் கலைவாணர் பெயர். மூடத்தனத்தைச் சிரிப்பாலே சிதறடித்த அந்த மேதை இருந்திருந்தால், அன்று நம்மைப் பார்த்தும் ஒரு பாட்டுக் கட்டியிருப்பார்!

களத்தில் அல்சேசன்களும் லாப்ரடார்களும் கன்னிகளும் சிப்பிப்பாறைகளும் கோம்பைகளும் நின்றன. பக்கத்தில் நையாண்டி மேளம் முழங்கியது. ஒலிபெருக்கி அலறியது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் ஒரு நாய் குரைக்கும், ஒரு நாய் சங்கிலியை இழுக்கும், ஒரு நாய் உரிமையாளரின் கால்களுக்கிடையே புகும். செழியன் மட்டும் பளிங்குச் சிலை போல் நின்றான். நடுவர் வியந்தார். “என்ன நிதானம்! என்ன கம்பீரம்! இதுதான் இனத் தூய்மையின் அடையாளம்” என்று பாராட்டிக் கோப்பையைத் தந்தார். மழைத் துளிகளுக்கிடையே நாம் நனைந்தது மழையாலா, பெருமையாலா என்று சொல்ல முடியாது.

அந்தக் கோப்பையைத்தான் மறுநாள் வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். கேள்வி பிறந்தது, அடக்கப்பட்டது.

சில திங்கள் சென்றன. வெறிநோய்த் தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் செழியனை அழைத்துச் சென்றோம். இளைஞர். ஊசி போட்டு முடித்தவர், நாயின் பின்புறம் சென்று, காற்று அதன் உடம்பில் படாத தொலைவில் நின்று கைதட்டினார். செழியன் திரும்பவில்லை. எவர்சில்வர் தட்டின்மேல் கரண்டியால் ஓங்கி அடித்தார். நாம் திடுக்கிட்டோம், செழியனின் காது மடலும் அசையவில்லை.

“இதுக்கு ரெண்டு காதும் கேக்காது சார். பிறவியிலேயே கேக்காது. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது! ஓராண்டுக்கு மேல் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோம், தெரியாது. பெயர் சொல்லி அழைத்தால் வருவானே என்றோம். “அழைக்கும்போது கையை ஆட்டுவீர்கள், குனிவீர்கள், அதைப் பார்த்து வந்திருக்கும்” என்றார். வெடிக்கு அஞ்சவில்லையே என்று கேட்க வாயெடுத்து, நாமே நிறுத்திக்கொண்டோம். மேளத்துக்கு அசையாத கம்பீரம்! நடுவர் வியந்த நிதானம்! கோப்பை எதற்குக் கிடைத்தது என்பது அப்போது விளங்கிற்று. குறைக்குக் கிடைத்த பரிசைக் குலத்துக்குக் கிடைத்த பரிசென்று கொண்டாடியிருந்தோம்.

“ராத்திரி உங்கள் காலில் தலையை வைத்துப் படுக்கிறதா?” என்று மருத்துவர் கேட்டார். ஆம் என்றோம். “நீங்கள் எழுந்து போனால் ஓசை கேட்டு விழிக்க அதனால் முடியாது. அதனால்தான் உங்களைத் தொட்டுக்கொண்டே தூங்குகிறது” என்றார்.

வீடு வரும்வரை நாம் பேசவில்லை. அது அன்பு அல்ல, அச்சம் என்று எவரும் சொல்ல வேண்டாம். ஓசையற்ற உலகில் ஓர் உயிரைத் தொட்டு வைத்துக்கொண்டால்தான் உறங்க முடியும் என்ற நிலை அன்பல்லாமல் வேறென்ன?

காரணம் என்ன? ‘தலையெழுத்து’ என்பான் ஒருவன். ‘போன பிறவிப் பாவம்’ என்பான் மற்றொருவன். தோலிலும் மயிரிலும் நிறத்தைத் தருகின்ற நிறமி உயிரணுக்கள் உள்செவியிலும் உண்டு. கேட்கும் உயிரணுக்களுக்கு வேண்டிய ஆற்றலைக் காத்துத் தரும் திசுவில் அவை இருந்தாக வேண்டும். உடம்பு முழுதும் வெள்ளையாக்கும் மரபுக்கூறு உள்செவியையும் வெறுமையாக்கிவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் அந்தத் திசு நலிகிறது. கேட்கும் உயிரணுக்கள் மடிகின்றன. வெள்ளை நாயெல்லாம் செவிடென்பதில்லை. வெள்ளையில் அந்த இடர் மிகுதி. புள்ளி போட்ட டால்மேசியன் நாயும் அடிப்படையில் வெள்ளை நாய்தான். அமெரிக்காவில் ஆய்ந்து பார்த்த அவ்வின நாய்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30-க்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. இராசபாளையம் நாய்களில் செவிடு உண்டென்பதும் நெடுநாளாக அறியப்பட்டதே. இதில் தலையில் எழுதிய எழுத்து எதுவுமில்லை; தாளில் எழுதிய தரம்தான் உண்டு. ‘வெள்ளையே சிறந்தது’ என்று மனிதன் எழுதி வைத்தான். அந்த எழுத்தை நாய் தன் செவியால் செலுத்துகிறது.

ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், நாயின் தோற்றத்துக்குப் பரிசளிக்கும் முதல் கண்காட்சி நடந்தது 1859 சூன் திங்களில். அதே 1859 நவம்பரில் வெளிவந்தது டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’. அந்த நூலின் முதல் அதிகாரத்திலேயே, நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை அவர் குறித்திருக்கிறார். ஒரு புற இயல்பைத் தேர்ந்தால், தேராத வேறொன்றும் அதன் பின்னே வந்து சேரும் என்பது அவர் காட்டிய பாடம். ஒரே ஆண்டில் பாடமும் வந்தது, பரிசும் வந்தது. உலகம் பரிசை எடுத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டது! 1873-இல் தோன்றிய இலண்டன் கென்னல் கிளப், தாயும் மகனும், தந்தையும் மகளும், உடன்பிறந்தனவும் கூடிப் பெற்ற குட்டிகளைப் பதிவு செய்ய மறுத்தது எப்போது தெரியுமா? 2009-இல். நூற்று முப்பத்தாறு ஆண்டு ஆயிற்று, தூய்மைக்கும் நோய்க்கும் உள்ள உறவைக் கண்டு கொள்ள!

உண்மையை அறிந்த பிறகேனும் நாம் நேர்மையாக நடந்தோமா? இல்லை. நாம் மறைத்தோம்.

செழியனுக்குக் காது கேட்காது என்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேளாமை குறைபாடு, இழிவல்ல. கேளாத மனிதரும் கேளாத விலங்கும் நம்மைப்போலவே வாழ உரிமை உடையவர். வெட்கத்துக்குரியது, அதை நாம் மூடி மறைத்தது. அடுத்த சாரல் விழா வந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் செழியனை மீண்டும் களத்தில் நிறுத்தினோம். மீண்டும் மேளம், மீண்டும் சிலை, மீண்டும் கோப்பை. அன்று பேரருவிக்குச் சற்றுத் தொலைவில் அவனை நிறுத்தினோம். கூட்டமே காதைப் பொத்தும் பேரிரைச்சல். அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது வெண்ணிறமான ஒரு மௌனம்!

கோப்பையைக் கண்ட புளியங்குடிக்காரர் ஒருவர் வந்தார். “சார், நம்மகிட்ட ஒரு வெள்ளைப் பொட்டை இருக்கு. உங்க நாயைக் கிராஸ் விடணும்” என்றார். சொல்லியிருக்க வேண்டும். ‘ஐயா, இவனுக்குக் காது கேட்காது, குட்டிகளுக்கும் கேட்காமல் போகலாம்’ என்று ஒரே ஒரு சொற்றொடர்! கோப்பையின் பளபளப்பு நாவைக் கட்டியது. சம்மதித்தோம். பணம் வாங்கவில்லை. அதையே பெருந்தன்மை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டோம்.

அந்தோ, ஐப்பசி வந்தது! தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் செல்லும் சாலையை அறிந்தவர் அறிவர். கல்லும் மணலும் சுமந்த லாரிகள் இரவெல்லாம் அதில் ஊர்வலம் போகும். நம் தெரு அந்தச் சாலையில்தான் சென்று முட்டுகிறது. முந்தின இரவு மழை. வாயிற்கதவின் கொண்டியைப் போட மறந்தவர் வேறெவருமல்ல, நாமே. விடியற்காலையில் பாதத்தின்மேல் கனம் இல்லாததை உணர்ந்து விழித்தோம்.

சாலையோரம் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் தரையில் குந்தியிருந்தார். வயதானவர். கைகள் நடுங்கின.

“ஆரன் அடிச்சுக்கிட்டேதான் ஐயா வந்தேன். தூரத்துல இருந்தே அடிச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல ஐயா. ஏன் ஐயா திரும்பிப் பாக்கல?”

அவர்மேல் சினம் கொள்ள நமக்கு என்ன உரிமை? அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர் அந்தச் சாலையில் ஒருவர்தான் இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

செழியனின் வெள்ளை உடம்பில் அப்போதுதான் ஒரு செவலை மறை விழுந்திருந்தது.

வீட்டுப் பின்புறம் தென்னையடியில் புதைத்தோம். சடங்கில்லை, சாம்பிராணியில்லை. கண்ணீர் இருந்தது. பகுத்தறிவாளனுக்குக் கண்ணீர் இல்லையென்று எண்ணுவோர் பகுத்தறிவையும் அறியார், கண்ணீரையும் அறியார். மறுபிறவியில் பார்க்கலாம், மேலுலகில் காத்திருப்பான் என்ற ஆறுதல் நமக்கில்லை. போனவன் போனவனே! ஆகையால் நம் துயரத்துக்குத் தள்ளுபடி கிடையாது. முழு விலை கொடுத்தாக வேண்டும்.

துக்கம் கேட்க வந்தார்கள். “ஊர்க் கண்ணெல்லாம் பட்டுது. கோப்பை வாங்கின அன்னிக்கே திருஷ்டி சுத்திப் போட்டிருக்கணும்” என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. “ஏழரைச்சனி, யார் தலைக்கோ வந்தது நாயோடு போச்சு” என்றார் வேறொருவர். அன்பினால் சொன்னார்கள், பகடி செய்ய மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம். அந்தக் கணத்தில் அந்தப் பொய் எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? திருஷ்டி என்றால் ஊரார் குற்றவாளி. சனி என்றால் கோள் குற்றவாளி. விதி என்றால் எவருமே குற்றவாளி இல்லை! மூடநம்பிக்கை அறியாமையால் மட்டும் வாழ்வதில்லை, தோழர்களே. குற்றமுள்ள நெஞ்சுக்கு அது பஞ்சணை விரிக்கிறது, அதனால் வாழ்கிறது. அன்று அதில் சாய நாமும் விரும்பினோம். சாய்ந்திருந்தால் தப்பியிருப்போம். ஆனால் மருத்துவர் தட்டிய தட்டின் ஓசை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நமக்குத்தான் காது கேட்குமே!

அதே வாரம் வீட்டில் வேறொரு பேச்சு. அம்மா நமக்குப் பெண் பார்க்கிறார்கள். “நம்ம மாமா மகளையே கட்டிக்கிட்டா சொந்தம் விட்டுப் போகாது, சொத்தும் வெளியே போகாது. நம்ம ஆளுகளுக்குள்ளேயே இருக்கும்” என்றார்கள். வெளியே போகாது! நாய்த் தோட்டத்தில் கேட்ட சொல் வீட்டுக் கூடத்தில், பெரியார் படத்துக்குக் கீழே ஒலித்தது. அன்று தோட்டத்தில் விளங்காதது அன்று கூடத்தில் விளங்கியது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் மணம் செய்தவர்கள். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் மிக உயர்ந்த அளவு. அத்தகைய மணத்தில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பலர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் தாய்வழியிலும் தந்தைவழியிலும் மறைந்து கிடக்கும் ஒரே குறை, ஒரே பிள்ளையிடம் சந்திக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. பிறவிக் கேளாமையும் அப்படிக் கூடுகின்றவற்றுள் ஒன்று. நாய்க்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதி என்று மரபணுவிடம் மனுநூல் இல்லை!

உடல்நலம் மட்டுமா? சாதி என்பதே மூடிய கதவல்லவா? நாயின் இனமாவது கண்ணுக்குத் தெரிகிறது; ஓடுவது ஒன்று, காப்பது ஒன்று. மனிதச் சாதிக்கு அந்த அடையாளமும் இல்லை. பார்த்தால் தெரியாது, ஆகையால்தான் பெயரைக் கேட்கிறான், தெருவைக் கேட்கிறான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காப்பதற்காகக் கண்ணுக்குத் தெரிந்த மனிதனைக் கொல்லுகிறான். நம் சாலை போகும் செங்கோட்டை, முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அதே திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நாய் நடக்கலாம். ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. அதை எதிர்த்து 1924-இல் பெரியார் சிறை சென்றார். அதே காலத்தில் நம் நெல்லைச் சீமையின் சேரன்மாதேவிக் குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைக்கு வேறு பந்தி. நாய்க்குத் திறந்த தெரு மனிதனுக்கு மூடியிருந்தது. நூறாண்டு கழித்து நாம் என்ன செய்தோம்? மனிதனுக்கு இழிவு கற்பித்த அதே சொல்லை நாய்க்குப் பட்டமாகச் சூட்டி, அந்த இழிவைச் சுமந்து வரும் பிள்ளையின் முன்னால் நின்று மார்தட்டினோம்!

அம்மாவிடம் பேசினோம். நாள் கணக்கில் பேசினோம். சாதகம் பார்ப்பதில்லை, சாதி பார்ப்பதில்லை, உறவிலும் கொள்வதில்லை என்று முடிவாகச் சொன்னோம். அம்மா இன்னும் முழுதும் உடன்படவில்லை. ஆனால் ஒரு நாள், தென்னையடியைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் புள்ளிக் குட்டியை வாங்கியிருந்தா உசுரோட இருந்திருக்கும் என்ன?” என்று கேட்டார்கள். சொற்பொழிவு ஆயிரம் செய்யாததை ஒரு நாயின் சாவு செய்யத் தொடங்கியிருந்தது.

ஒரு கடன் எஞ்சியிருந்தது. அடுத்த ஞாயிறன்று புளியங்குடிக்குப் பேருந்து ஏறினோம். “ஐயா, உங்களை ஏமாற்றிவிட்டோம். செழியனுக்குக் காது கேட்காது. தெரிந்தே மறைத்தோம்” என்றோம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தேநீர் வாங்கி வரச் சொன்னார்.

“தெரியும் சார். களத்துல நின்னப்பவே தெரியும். எங்க பொட்டைக்கும் ஒரு காது கேக்காது. வெள்ளைன்னா அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். சொன்னா விலை போகாதே!”

எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம்! சாதியின் முழு வரலாற்றையும் இதைவிடச் சுருக்கமாக எவர் எழுதியிருக்கிறார்?

நாட்டு நாய் இனங்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இராசபாளையமும் கன்னியும் சிப்பிப்பாறையும் கோம்பையும் இந்த மண்ணின் வெயிலுக்கும் கரிசலுக்கும் பழகிய செல்வங்கள். அவை அழியக்கூடாது என்பதற்காகவே சொல்லுகிறோம்: செவியைச் சோதித்துவிட்டு இணை சேருங்கள். மறை விழுந்த குட்டியை மறைக்காதீர்கள். நெருங்கிய இரத்தத்தைத் திரும்பத் திரும்பக் கலக்காதீர்கள். பரிசு தருவோர் நிறத்தைப் பார்க்குமுன் நலத்தைப் பார்க்கட்டும். கதவைத் திறந்தால் இனம் அழியாது, மூடினால்தான் அழியும்.

அந்த ஈற்றில் ஐந்து குட்டிகள். நான்கு வெள்ளை. ஐந்தாவதுக்கு வலக் காதின்மேல் செவலை மறை. சாக்குப்பையின்மேல் தனியே கிடந்தது. “இதை யாரும் கேக்கல” என்றார். நாம் பின்னால் நின்று மெல்ல விரலைச் சொடுக்கினோம். மின்வெட்டைப் போல் திரும்பிப் பார்த்தது! செழியனின் கண்கள், செழியனின் கால்கள், செழியனுக்கில்லாத செவிகள்.

தாள் கேட்கவில்லை. பாட்டன் பெயர் கேட்கவில்லை. மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பாண்டியன் பெயரெல்லாம் வேண்டாமென்று, தெருவில் பத்து நாய்க்கு எட்டு நாய் தாங்கி நிற்கும் பெயரையே வைத்தோம்: மணி. அவன் நம் பாதத்தின்மேல் தலைவைத்து உறங்குவதில்லை. அறையின் மறுகோடியில் தாராளமாகப் படுத்து உறங்குகிறான். நாம் நாற்காலியை நகர்த்தினால் ஒரு காது மட்டும் எழுந்து, கேட்டு, அமைதியாகப் படிகிறது. பழைய கனம் இல்லாத பாதத்தோடு சில இரவுகளில் நாம்தான் உறங்காமல் இருக்கிறோம்.

மறுநாள் எட்டாம் வகுப்புக்குச் செல்லவில்லை. ஆண்டு மாறியிருந்தது. அந்தச் சிறுவன் இப்போது ஒன்பதாம் வகுப்பில். அந்த வகுப்பாசிரியரிடம் இசைவு பெற்று உள்ளே போனோம். கோப்பை இல்லாத வெறுங்கைகளோடு போனோம்.

“நீ ஒரு கேள்வி கேட்டாய், நாம் விடை சொல்லாமல் உட்கார வைத்தோம். அது நம் தவறு. இன்று சொல்கிறோம். நாய்க்குச் சாதி கிடையாது. மனிதன் தன் நோயைக் கொண்டுபோய் நாயின்மேல் ஒட்டவைத்தான். நாய் அதற்காகச் செத்தது. மனிதனுக்கும் சாதி கிடையாது. அதை ஒட்டவைத்ததும் மனிதன்தான். ஒட்டவைத்ததைப் பிய்த்தெறிய முடியும்.”

வகுப்பு அமைதியாக இருந்தது. சிறுவன் எழுந்தான். நம்மைப் பார்த்துக் கேட்டான்:

“அந்த நாய் பேரு என்ன சார்?”

“செழியன்” என்றோம். குரல் உடைந்தது. அதை மறைக்கவில்லை.